காயங்களோடு உயிர்த்தவர்



போர் நடந்த எமது ஊர்களில் காயப்பட்ட மரங்கள் இரண்டு வகையாக நிற்பதை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். ஒன்று வேம்பு. செல் சிதறல் பட்டுப் பட்டை கிழிந்த வேம்பை இன்று போய்ப் பார்த்தால், காயத்தின் விளிம்பிலிருந்து புதிய பட்டை வளர்ந்து வந்து பிளவை மெல்ல மெல்ல மூடியிருக்கும். உள்ளே இரும்புத் துண்டு இருந்தாலும் வெளியே ஒரு புடைப்பு மாத்திரமே தெரியும். மற்றது பனை. அப்படி வளர்ந்து மூடுகின்ற வல்லமை பனைக்கு இல்லை. ஒரு முறை விழுந்த துளை மரம் நிற்கும் காலமெல்லாம் துளையாகவே இருக்கும். ஆனால் அதே பனை ஆண்டுதோறும் ஓலை விடுகிறது, நுங்கு தருகிறது, பழம் தருகிறது. குருத்து அறுந்த பனை மாத்திரமே பட்டுப்போய் மொட்டையாக நிற்கிறது.

மனிதருடைய காயங்களும் இப்படியே. சில காயங்கள் காலப்போக்கில் மூடிக்கொள்கின்றன. வேறு சில, நாம் மண்ணுக்குள் போகும்வரை திறந்தே இருக்கின்றன. காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று சொல்பவர்கள் பிள்ளையைப் பறிகொடுத்த தாயொருத்தியோடு ஒரு நாள் முழுவதும் இருந்து பார்க்கவேண்டும். அப்படியாயின், ஆறாத காயத்தோடு வாழ்வது எப்படி? அதற்கு எமது விசுவாசம் எதைத் தருகிறது?

இவ்விதழில் வழமையாக விதை, நீர், பசளை, சேமிப்பு என்பவை பற்றியே பேசப்படுகின்றது. இம்முறை நாம் காயத்தைப் பற்றிப் பேச விரும்புகின்றோம். விதையும் உபகரணமும் கொடுத்த பின்னரும் வரம்பிலே குந்தியிருந்து வெறுமனே தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த உழவர்களை நாம் பல இடங்களிலே கண்டிருக்கின்றோம். சோம்பல் என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள். அது சோம்பலன்று. காயப்பட்ட மனம் மண்ணைத் தொட மறுக்கின்றது.

நாம் சுமந்து வந்தவை

காயம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆகவே சிலவற்றைப் பெயர் சொல்லி நினைவுகூருவோம். 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் ஓரிரு கிழமையில் திரும்பிவிடலாம் என்றுதான் கதவைப் பூட்டின. அவர்களுள் பலர் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தனர். தமது காணியைக் காணாமலே கண்மூடியவர்கள் பலர். இன்றும் ஒரு பகுதி நிலம் உரியவர் கைக்கு வரவில்லை.

1995 ஆம் ஆண்டு யூலை 9 ஆந் திகதி, அடைக்கலம் தேடி நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்துக்கு வந்திருந்த மக்கள் மீது குண்டு வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதுமே மழையில் நனைந்தபடி தென்மராட்சியை நோக்கி நகர்ந்தது. பள்ளிப் பருவத்தினராக அந்தக் கூட்டத்தில் நாமும் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். 1999 ஆம் ஆண்டு நவம்பர் 20 ஆந் திகதி மடுத் திருத்தலத்தில் தஞ்சமடைந்திருந்தோர் எறிகணை வீச்சில் இறந்தனர். 2008 ஏப்பிரலிலே மடு அன்னையின் திருச்சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, அந்த ஆண்டு ஓகஸ்டில்தான் தன் இடத்துக்குத் திரும்பியது. 2009 மே மாதத்தின் பின் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முட்கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டார்கள். 2012 செப்ரெம்பரிலே மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறிய கேப்பாபிலவு மக்கள் தமது சொந்தக் காணிக்குப் போகவில்லை. அவர்கள் இறக்கிவிடப்பட்ட இடம் சீனியாமோட்டை.

இவையெல்லாம் ஊருக்குத் தெரிந்த காயங்கள். இவற்றின் அடியிலே ஒவ்வொரு கொட்டிலுக்குள்ளும் ஊருக்குத் தெரியாத காயங்கள் உண்டு. வழியிலே விட்டுவிட்டு வந்த தகப்பன், அவிழ்த்துவிட நேரமில்லாமல் கட்டையிலே கட்டியபடி விட்டுவந்த மாடு, பதுங்குகுழிக்குள் யாரை முதலில் இறக்கினோம் என்ற கேள்வி. இவற்றை அவர்கள் எவரிடமும் சொல்லுவதில்லை.

மேலே காய்ந்த புண்

புண்ணின் மேல் பொருக்குக் கட்டி, உள்ளே சீழ் இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. மண்வெட்டி பட்ட காலை நீங்களே கழுவி மருந்து கட்டியவர்கள். எரேமியா இறைவாக்கினர் தம் காலத்துக் குருக்கள் மீதும் போலி இறைவாக்கினர் மீதும் வைத்த குற்றச்சாட்டு இதுவேதான். மக்களின் காயத்தை அவர்கள் மேலோட்டமாகக் கட்டிவிட்டு, சமாதானம் இல்லாத இடத்திலே சமாதானம் என்று அறிவித்தார்கள் என்கின்றார் அவர் (எரேமியா 6:14). குருக்களாகிய நாம் இந்த வசனத்தை வாசிக்கும்போது தலை குனியவேண்டியவர்களாயிருக்கின்றோம். ஏனெனில் எமது ஊர்களில் விசுவாசத்தின் பெயரால் மூன்று போலி மருந்துகள் விற்பனையாகின்றன. அவற்றை விற்றவர்களுள் நாமும் இருந்திருக்கின்றோம்.

முதலாவது, இது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்பது. வீடிழந்து நிற்பவனிடம், முன்னோர் செய்த பாவம், செபிக்காத குற்றம் என்று சொல்லிவிட்டுப் போகின்றவர்கள் இருக்கின்றார்கள். இயேசு இதை ஏற்றுக்கொள்ளவில்லை. பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் காட்டி, பாவம் செய்தவன் இவனா, இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது இருவருமல்லர் என்றார் (யோவான் 9). சீலோவாமிலே கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் இறந்தபோதும், பிலாத்து கலிலேயரைப் பலிபீடத்தருகே கொன்றபோதும், மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளல்லர் என்று தெளிவாகச் சொன்னார் (லூக்கா 13). நவாலியில் இறந்தவர்களுக்கும் மடுவில் இறந்தவர்களுக்கும் ஆண்டவருடைய தீர்ப்பு அதுவே. காயப்பட்டவன் தலையிலே குற்றத்தையும் ஏற்றி வைப்பது மறையுரையாகாது. அது இரண்டாவது குண்டு.

இரண்டாவது, மறந்துவிடுங்கள் என்பது. நடந்தது நடந்துவிட்டது, இனி முன்னே பாருங்கள் என்று அரசியலாளர் சொல்கின்றார்கள். அலுவலகத்திலும் சொல்கின்றார்கள். சில வேளை பலிபீடத்திலிருந்தும் அதே வார்த்தை வருகின்றது. ஆனால் எமது திருப்பலியின் நடுவிலே நிற்பது நினைவு. கொலைசெய்யப்பட்ட ஒருவருடைய கடைசி இரவை நாம் ஒவ்வொரு நாளும் நினைவுகூருகின்றோம். அவர் எந்த ஆளுநனின் காலத்தில் கொல்லப்பட்டார் என்பதையுங்கூட விசுவாச அறிக்கையிலே பெயரோடு சொல்லுகின்றோம். இப்படிப்பட்ட திருச்சபை மற்றவர்களைப் பார்த்து மறந்துவிடுங்கள் என்று சொல்வது எவ்வளவு பொருத்தமற்றது!

மூன்றாவது, உடனே மன்னித்துவிடுங்கள் என்பது. இதிலே நாம் சற்று நின்று பேசவேண்டியிருக்கின்றது. மன்னிப்பு ஆண்டவரின் கட்டளைதான், ஐயமில்லை. ஆனால் அதைக் காயப்பட்டவன் கழுத்திலே கட்டி இழுக்கின்ற உரிமை எவருக்கும் இல்லை. சிலுவையில் இயேசு தம்மை அறைந்தவர்களுக்காகத் தந்தையிடம் மன்னிப்பு வேண்டினார். சிலுவையின் அடியில் நின்ற எவரும் அவரை அப்படிச் செய்யும்படி ஏவவில்லை. அது காயப்பட்டவருடைய வாயிலிருந்தே வந்தது. நாபோத்தின் முந்திரித் தோட்டத்தை அரசன் ஆகாபு அபகரித்தபோது ஆண்டவர் எலியாவை யாரிடம் அனுப்பினார்? மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நாபோத்தின் வீட்டாரிடம் அனுப்பவில்லை. அபகரித்த அரசனிடமே அனுப்பினார் (1 அரசர் 21). சக்கேயு மனந்திரும்பியபோது கண்ணீரோடு நிறுத்திக்கொள்ளாமல், அநியாயமாக எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கின்றேன் என்றான் (லூக்கா 19). காணி திரும்பாமல், உண்மை சொல்லப்படாமல், காயப்பட்டவனிடம் மாத்திரம் மன்னிப்பைக் கேட்பது நற்செய்தியின் ஒழுங்கைத் தலைகீழாக்குவதாகும்.

ஒரு முதியவர் கற்றுத்தந்த பாடம்

குருவாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், மீள்குடியேறிய ஒரு கிராமத்திலே நாம் மன்னிப்பைப் பற்றி நீண்ட மறையுரை ஒன்று நிகழ்த்தினோம். நன்றாகப் பேசிவிட்டோம் என்றே எண்ணியிருந்தோம். பூசை முடிந்து ஆட்கள் கலைந்த பின்னர் ஒரு முதியவர் வந்தார். நெல்லும் கச்சானும் செய்கின்றவர். மனைவியையும் மகளையும் 2009 இல் இழந்தவர். அவர் மெதுவாகச் சொன்னார்: "சுவாமி, நீங்கள் சொல்லுறது சரிதான். ஆனால் என்ர பிள்ளைக்கு என்ன பேர் எண்டு இண்டைக்கு வரைக்கும் ஒருதரும் என்னட்டைக் கேட்கேல்லை."

நாமும் கேட்டிருக்கவில்லை. அன்று அந்த மாமரத்தின் கீழே இருந்து கேட்டோம். மகளின் பெயரைச் சொன்னார், அவள் படித்த வகுப்பைச் சொன்னார், அவள் வளர்த்த ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னார். பொழுது சாயும்வரை பேசினார். நாம் ஒரு வார்த்தையும் ஆறுதலாகச் சொல்லவில்லை. சொல்லவும் தெரியவில்லை. எழும்பும்போது, இண்டைக்கு நித்திரை வரும் போல கிடக்கு என்றார். அவர் சுகமடைந்துவிட்டார் என்று நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம். அவருடைய துளை துளையாகவே இருந்தது. ஆனால் அடுத்த மாரிக்கு அவர் தன் மேட்டுக் காணியைக் கொத்தியதைக் கண்டோம். குருத்து அறுந்திருக்கவில்லை.

அழுகையும் செபமே

அந்த முதியவர் செய்ததற்கு விவிலியத்திலே ஒரு பெயர் உண்டு. அது புலம்பல். புலம்பலை விசுவாசக் குறைவு என்று நாம் தவறாக எண்ணிக்கொண்டிருக்கின்றோம். ஆனால் திருப்பாடல்களைத் திறந்து பாருங்கள். பெரும் பகுதி புலம்பலே. 88 ஆம் திருப்பாடல் தொடக்கம் முதல் முடிவு வரை இருளாகவே இருக்கின்றது. கடைசி வரியிலேனும் ஒரு வெளிச்சம் வருமா என்று தேடினால் அங்கும் இல்லை. இருந்தும் அது திருமறைநூலிலே இருக்கின்றது, திருச்சபை அதைச் செபிக்கின்றது. அதன் பொருள் என்ன? வெளிச்சம் இல்லாத செபமும் செபமே. கடவுளோடு கோபித்துக்கொண்டு பேசுகின்றவன் இன்னும் கடவுளோடுதான் பேசிக்கொண்டிருக்கின்றான்.

137 ஆம் திருப்பாடல் எம்மைப் போன்ற இடம்பெயர்ந்தோர் பாடியது. அன்னிய நாட்டின் ஆற்றங்கரையில் இருந்து சொந்த ஊரை நினைத்து அழுதவர்கள் அவர்கள். எருசலேம் அழிந்தபோது மாண்டவர்களை நினைத்துப் புலம்பல் என்று ஒரு தனி நூலையே எழுதி வைத்தார்கள். யோபுவின் நண்பர்கள் செய்த ஒரேயொரு நல்ல காரியம் முதல் ஏழு நாளும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் இருந்ததுதான். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் பிழைவிட்டார்கள். கடைசியில் ஆண்டவர், விளக்கம் சொன்ன நண்பர்கள் தம்மைப் பற்றிப் பிழையாகப் பேசினார்கள் என்றும், முறையிட்ட யோபுவே சரியாகப் பேசினார் என்றும் தீர்ப்பளித்தார்.

எனவே அழுகின்ற தாயைப் பார்த்து, அழாதே, விசுவாசம் வை என்று சொல்லாதீர்கள். இயேசுவே இலாசரின் கல்லறையில் அழுதவர்.

தழும்பு காட்டிய ஆண்டவர்

இனி, எமது விசுவாசத்தின் மையத்துக்கு வருவோம். ஆண்டவர் உயிர்த்த நாளின் மாலையிலே சீடர்கள் அச்சத்தினால் கதவுகளைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள். பதுங்குகுழிக்குள் இருந்தவர்களுக்கு அந்த வீட்டின் மூச்சு எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். அங்கே இயேசு வந்தார், சமாதானம் கூறினார், உடனே தமது கைகளையும் விலாவையும் காட்டினார் (யோவான் 20). சாவை வென்றவருக்கு அந்தத் துளைகளை மூடிக்கொள்ள வல்லமை இல்லையா? இருந்தது. ஆனால் அவர் மூடவில்லை. மகிமையடைந்த உடலிலும் அவை இருந்தன. அந்தக் காயங்களைக் கண்டே சீடர்கள் அவரை அறிந்து மகிழ்ந்தார்கள்.

தோமையாரைச் சந்தேகக்காரர் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாக ஏசிக்கொண்டிருக்கின்றோம். மற்றவர்களுக்குக் காட்டப்பட்டதையே அவரும் கேட்டார். காயமில்லாத ஒரு கிறிஸ்துவை நம்ப அவர் ஆயத்தமாயிருக்கவில்லை. இதிலே அவர் எம்மவர். காயமில்லாத ஒரு கடவுள் முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த மக்களுக்கு என்ன சொல்ல முடியும்?

2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆந் திகதி, உயிர்ப்புப் பெருவிழா அன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கட்டுவாப்பிட்டியிலே உயிர்த்த ஆண்டவரின் சுரூபத்தின் மீது மக்களின் இரத்தம் தெறித்திருந்தது. அதனைக் கழுவிவிடாமல் கண்ணாடிக்குள் அப்படியே வைத்திருக்கின்றார்கள். உயிர்த்தவர் மேல் மக்களின் இரத்தம்! அந்தச் சிங்களக் கத்தோலிக்கத் தாய்மாரும் எமது தாய்மாரைப் போலவே உண்மை என்ன என்று கேட்டு அலைந்தார்கள். காயம் மொழி பார்ப்பதில்லை.

எம்மாவு வழியிலும் சிகிச்சை இப்படித்தான் நடந்தது (லூக்கா 24). மனமுடைந்து ஊரை விட்டு நடந்த இருவரோடு ஆண்டவர் சேர்ந்து நடந்தார். முதலில் கேள்வி கேட்டார். நடந்தவற்றையெல்லாம் அவர்களே சொல்லும்வரை செவிகொடுத்தார். அதன் பின்னரே மறைநூலை விளக்கினார். அதன் பின்னரே அப்பத்தைப் பிட்டார். முடிவிலே அவர்கள் அதே இரவில் எழுந்து எருசலேமுக்குத் திரும்பி நடந்தார்கள். எவ்விடத்திலே காயப்பட்டார்களோ அவ்விடத்துக்கே திரும்பினார்கள்! கூட நடத்தல், கேட்டல், வார்த்தை, அப்பம், திரும்பிப் போதல் என்பதே ஒழுங்கு. நாமோ பெரும்பாலும் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து தொடங்கிவிடுகின்றோம்.

காயத்தைக் காட்டுவது பொதுவாழ்விலும் விசுவாசத்தின் செயலே. மன்னார் ஆயராயிருந்து 2021 ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி இறைவனடி சேர்ந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 சனவரியில் ஆணைக்குழுவின் முன்னால், கச்சேரிக் கணக்குகளை வைத்து, வன்னியிலிருந்த 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். கிளிநொச்சியிலே 2017 பெப்ரவரி 20 ஆந் திகதி முதல் தாய்மார் வீதியோரத்தில் படங்களை ஏந்தி இருந்தார்கள். விடை அறியாமலே அவர்களுள் பலர் இறந்துபோனார்கள். 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டியின் பங்குத்தந்தை ஜிம்பிறவுண் அடிகளாரும் காணாமற்போனார். எமது குருக்கள் குடும்பத்திலும் மூடாத துளை அது. இவர்கள் தழும்பைக் காட்டியது பகைக்காக அல்ல. உண்மை அறியப்படவேண்டும் என்பதற்காகவே.

அயலவனின் காயம்

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையற்றவர்களாவோம். 1990 ஒக்ரோபரிலே வடக்கின் முஸ்லிம் மக்கள், ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர், சொற்ப நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களும் வயலும் கடையும் கிணறும் விட்டுப் போனவர்கள். அயலவர்கள் சிலர் அழுதார்கள். ஆனால் பொதுவிலே நாம் மௌனமாயிருந்தோம். தன் காயத்தை மாத்திரமே காயம் என்று எண்ணுகின்ற மனம் ஆறுவதில்லை. அது கட்டியாகிவிடுகின்றது. திரும்பி வந்திருக்கின்ற முஸ்லிம் குடும்பத்தோடு எல்லைக் கல்லுக்காகச் சண்டை பிடிக்கும் முன்னர், அவர்கள் போன இரவைப் பற்றி ஒரு முறை கேட்டுப் பாருங்கள். எமது காயம் எம்மைப் பிறர் காயத்துக்குத் திறந்துவிட்டால் அங்கே கிறிஸ்து வேலை செய்கின்றார் என்று அறியலாம்.

செய்யக்கூடியவை

நல்ல சமாரியர் செபித்துவிட்டுப் போகவில்லை. எண்ணெயும் இரசமும் வார்த்தார், தன் மிருகத்தில் ஏற்றினார், சத்திரக்காரனுக்கு இரண்டு தெனாரியம் கொடுத்தார், திரும்பி வருவதாகவும் சொன்னார். ஆற்றுதல் என்பது செலவும் காலமும் பிடிக்கும் வேலை. ஆகவே எமது ஊர்களில் நான்கு காரியங்களைத் தொடங்கலாம் என்று கருதுகின்றோம்.

முதலாவது, கேட்கும் மாலை. மாதத்தில் ஒரு முறை அன்பியக் கூட்டத்திலே ஒரு மணித்தியாலத்தை இதற்கென ஒதுக்குங்கள். யாரையும் பேசும்படி வற்புறுத்த வேண்டாம். பேசுபவரை இடைமறிக்க வேண்டாம். அறிவுரை சொல்ல வேண்டாம். கேட்டதை வெளியே கொண்டுபோக வேண்டாம். சைவ அயலவர்கள் வர விரும்பினால் அவர்களுக்கும் பாயை விரியுங்கள்.

இரண்டாவது, பெயர்களை நினைவுகூருதல். நவம்பர் 2 ஆந் திகதி, மரித்தோர் நினைவு நாளிலே, ஊரில் இறந்தோருடைய பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படட்டும். ஆனால் பிள்ளை காணாமல் ஆக்கப்பட்ட தாயை, அவனுக்காக இறந்தோர் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்படி கேட்காதீர்கள். அவளுக்கு அவன் இறந்தவனல்லன். அவன் எங்கிருந்தாலும் ஆண்டவர் அவனை அறிவார் என்று அவளோடு சேர்ந்து செபியுங்கள்.

மூன்றாவது, மருத்துவத்தை மறுக்காதிருத்தல். கிழமைக்கணக்காக நித்திரையின்மை, உணவில் வெறுப்பு, யாரோடும் பேசாமை, நிறுத்த முடியாத குடி, சாவதே நல்லது என்ற பேச்சு ஆகியன மருத்துவரிடம் போகவேண்டிய அறிகுறிகள். கால் முறிந்தால் முறிவு வைத்தியரிடம் போகின்ற நாம் மனம் முறிந்தால் மாத்திரம் ஒளித்து வைப்பது ஏன்? பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு உண்டு. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் தொலைபேசியில் அழைக்கலாம். செபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பூச்சிமருந்துப் போத்தலைக் கொட்டிலின் தாழ்வாரத்திலே செருகி வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள். மிகக் கொடிய நஞ்சுகள் 1995 ஆம் ஆண்டு தொடக்கம் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின்னர் எமது நாட்டிலே தற்கொலை மரணங்கள் பெரிதும் குறைந்தன. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாததாலேயே பலர் இன்று உயிரோடிருக்கின்றார்கள்.

நான்காவது, மண்ணைத் தொடுதல். சொந்தக் காணி இன்னும் கிடைக்காதவர்கள் அதைக் கேட்பதை நிறுத்தக்கூடாது. முள்ளிக்குளத்து மக்கள் 2007 இலே வெளியேற்றப்பட்டவர்கள். 2017 இலே அவர்கள் ஊர் வாசலில் இருந்து கேட்ட பின்னரே ஒரு பகுதியையாவது விடுவிக்கும் வாக்குறுதி வந்தது. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் காலத்திலே இரவல் காணியிலாவது நாலு கத்தரியும் இரண்டு முருங்கையும் நடுங்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து நடுவது இன்னும் நல்லது. முளைத்து வருகின்ற ஒன்றுக்குத் தினமும் நீர் வார்க்கின்ற கை, மெல்ல மெல்லத் தன் மனத்துக்கும் நீர் வார்க்கப் பழகுகின்றது.

குருத்தைக் காப்போம்

அன்பானவர்களே, உங்கள் காயம் மூடிவிடும் என்று நாம் வாக்குக் கொடுக்க மாட்டோம். அப்படி வாக்குக் கொடுக்க ஆண்டவர் எம்மை அனுப்பவில்லை. சிலருடையது வேம்பின் காயம், அது மூடும். சிலருடையது பனையின் காயம். அது திறந்தே இருக்கும். ஆனால் பனையின் உயிர் துளையிலே இல்லை, உச்சியிலே இருக்கின்றது. எமது உச்சிக் குருத்து எதுவென்றால், கொல்லப்பட்டவரைக் கடவுள் கைவிடவில்லை, அவர் காயங்களோடேயே எழுந்தார் என்கின்ற நம்பிக்கையே. வறுமையும் வெறுப்பும் குடியும் பொய் ஆறுதலும் அந்தக் குருத்தை அறுத்துவிட நாம் இடங்கொடுக்கக்கூடாது. ஒருவர் குருத்தை மற்றவர் காக்கவேண்டும். அதற்காகவே ஊர் என்றும் திருச்சபை என்றும் ஒன்று எமக்குத் தரப்பட்டிருக்கின்றது.

இன்று இரவு உங்கள் அயல் கொட்டிலிலே ஒருவர் நித்திரையின்றி இருப்பார். நாளை காலையிலே அவரிடம் போங்கள். ஒன்றும் விளக்க வேண்டாம். அவர் இழந்தவருடைய பெயர் என்ன என்று மாத்திரம் கேளுங்கள்.

தழும்புள்ள கைகளால் ஆண்டவர் உங்களையும், உங்கள் பிள்ளைகளையும், திரும்பிப் போகக் காத்திருக்கின்ற உங்கள் மண்ணையும் ஆசீர்வதிப்பாராக.